இரண்டு சத்தங்களுக்கு நடுவே

மார்ச் 4, 2025, செவ்வாய்

சுண்ணாம்புக்கல் சுரங்க ஆட்களுக்கு வருடாந்திர மருத்துவப் பரிசோதனை. நாற்பத்தோரு பேர். பெரம்பலூரிலிருந்து அரியலூர் வந்த பஸ் தாமதம், வந்ததிலிருந்தே எரிச்சல்.

முப்பத்தொன்பது பேருக்கு ஸ்டெத்தில் வெறும் லப்-டப். வால்வுகள் மூடும் சத்தம், அவ்வளவுதான். ஒருவருக்கு நடுவில் லேசான ஊதல். ரத்தசோகை, ரத்தம் வேகமாக ஓடுகிறது, மாத்திரை போதும். துளையிடும் மெஷின் பிடிக்கிற மணிவண்ணனுக்குத்தான் லப்புக்கும் டப்புக்கும் நடுவே மரம் அறுக்கிற மாதிரி கரகரப்பு. கழுத்து வரை கேட்டது. குறுகிய வால்வு வழியாக ரத்தம் முண்டியடித்துப் போனால் இப்படிக் கேட்கும்.

"ஏணி ஏறும்போது தலை சுத்துதா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லிங்க மேடம்." சொல்லும்போது நர்ஸ் அம்பிகாவைப் பார்த்தார், என்னை அல்ல.

எக்கோ என்கிற இதய ஸ்கேன் எடுத்து வரும்வரை வேலைக்குத் தகுதியில்லை என்று எழுதினேன். காண்ட்ராக்ட் வேலை, வேறு ஆள் போட்டுவிடுவார்கள் என்றார். தெரியும். ஆனால் இந்த வால்வோடு மெஷின் பிடிக்கிறவர் நின்ற இடத்திலேயே விழலாம்.

மார்ச் 18

மணிவண்ணன் மறுபரிசோதனைக்கு வந்தார். எக்கோ எடுக்கவில்லையாம். "இன்னொருவாட்டி வெச்சுப் பாருங்க மேடம்."

வைத்தேன். சுத்தமான லப்-டப். ஸ்டெத்தை மாற்றியும் பார்த்தேன். ஒன்றுமில்லை. இருபத்திரண்டு வருடக் காது, வயசாகிவிட்டதோ? தகுதி என்று கையெழுத்துப் போட்டேன்.

மார்ச் 19

குறுகிய வால்வு இரண்டு வாரத்தில் தானாக விரியாது.

மார்ச் 20

இரண்டு படிவங்களையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். முதலில் உயரம் 172. அடுத்தது 166. பதினாலு நாளில் மனுஷன் ஆறு சென்டிமீட்டர் குட்டையாகிவிட்டார்!

அளந்தவள் அம்பிகா. "அவரு தம்பியா இருக்கும் மேடம். எலக்ட்ரீஷியன். அப்படியே அண்ணன் அச்சு" என்கிறாள் சாவகாசமாக.

தினம் நாற்பது பேர். நான் நெஞ்சைத்தான் பார்க்கிறேன், மூஞ்சிய யாரு பாத்தா? கோவம் அவன் மேலயா, என் மேலயா? ரெண்டு நாளா நான் போட்ட கையெழுத்த நம்பி அந்த மனுஷன் மெஷின் புடிச்சுக்கிட்டு நிக்கிறான். ஏதாவது ஆகியிருந்தா — ச்சே.

போன் போட்டு அவரைச் சுரங்கத்திலிருந்து மேலே வரச் சொன்னேன். சான்றிதழை ரத்து செய்தேன். ஆளைச் சரிபார்க்காதது என் தவறு என்று மேனேஜருக்கு எழுதியும் கொடுத்தேன்.

மணிவண்ணன் வந்து நின்றார். "தம்பி நெஞ்சக் காட்டுனா என்ன, எந் நெஞ்சக் காட்டுனா என்ன? ஒரே ரத்தந்தானே மேடம்! ரெண்டு பொண்ணு படிக்குதுங்க. நீங்க நல்லா இருங்க." கதவை அறைந்துவிட்டுப் போனார்.

ஏப்ரல் 2

அவர் இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று.

ஏப்ரல் 11

மணிவண்ணனை அவர் மனைவி சுமதி சண்டை போட்டுத் திருச்சிக்கு அழைத்துப் போயிருக்கிறாள். எக்கோ முடிவை வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். மூன்று இதழ் இருக்க வேண்டிய வால்வில் பிறவியிலேயே இரண்டுதான். அதுவும் கெட்டியாகி, ஒரு பென்சில் நுழைகிற வழிதான் மிச்சம். காப்பீட்டு அட்டையில் ஆபரேஷன் செய்வார்களாம்.

கூடப்பிறந்தவருக்கும் இருக்கலாம் என்று தம்பியையும் எக்கோ எடுக்கச் சொன்னேன். சாயங்காலமே முடிவு வந்தது, அவருக்கு ஒன்றுமில்லை. நான்தான் ஏற்கெனவே கேட்டுவிட்டேனே.

ஆகஸ்ட் 12

கேன்டீனில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பரிசோதனை. மூன்றாவது ஆள் சுமதி. பெயரைக் கேட்டேன், முகத்தையும் பார்த்தேன். அவள் நெஞ்சில் ஒரு குறையும் இல்லை.

மணிவண்ணனுக்கு உலோக வால்வு வைத்திருக்கிறார்கள். பழைய வேலைக்கு இனிப் போக முடியாது. ஸ்டெத்தைக் கழற்றி அவள் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். அவளே சொன்னாள்.

"இன்னும் உங்க மேல கோவமாத்தான் இருக்காரு மேடம். உங்க பேச்ச எடுத்தாலே எந்திரிச்சுப் போயிடுறாரு. ராத்திரி பக்கத்துல படுத்தா டிக்கு டிக்குன்னு வால்வு சத்தம் கேக்குது. அது கேக்குற வரைக்கும் கோவப்பட்டுட்டுப் போகட்டும்னு வுட்டுட்டேன்."