கோட்டுக்குக் குறுக்கே

செவ்வாய், இரவு.

என் கணவர் விட்டுப்போன பூந்தமல்லிப் பட்டறையில், கிரைண்டிங் முடிந்த இரும்புத் தகடுகளை இன்று மாப்பிள்ளை அளந்தார். தகட்டில் கிரைண்டிங் விட்ட கோடுகள் ஓடும் திசையிலேயே சொரசொரப்பு அளக்கும் கருவியின் ஊசியை ஓடவிட்டு, வழவழப்பு சரி என்று அனுப்பச் சொல்லிவிட்டார். குறுக்கே ஓட்டினால்தான் மேடுபள்ளம் தெரியும் என்பது இந்த எம்.இ. பட்டதாரிக்குத் தெரியாதாம். தகட்டைத் திருப்பி நானே ஓட்டிக் காட்டினேன். சொரசொரப்பு மூன்று மடங்கு காட்டியது.

"வுடுங்க அத்தே, வாங்குறவன் இதெல்லாம் திருப்பி வெச்சா பாக்கப் போறான்?"

"பாப்பாங்க மாப்பிள்ளை. அவங்க வேலை தெரிஞ்சவங்க."

வண்டியில் ஏற்றியதை எல்லாம் இறக்கச் சொன்னேன். மனிதர் போனில் மூழ்கிவிட்டார்.

போன மாதம் அனுப்பிய தகடுகளையும் அளந்தது இவர்தான். நாளைக் காலை வாங்கியவர்களை அழைத்து, திருப்பி அனுப்பச் சொல்ல வேண்டும். அதையும் நான்தான் சொல்ல வேண்டும். இவருக்கு அதற்கும் துப்பில்லை.