நம் மகன் சொன்ன சாட்சி

என் அன்பானவருக்கு,

ஊழியத்துக்கு வந்த இடத்தில் நாங்கள் மூவரும் சுகம். குளிருக்கு உங்கள் ஸ்வெட்டரைத்தான் போட்டிருக்கிறேன், திட்டாதீர்கள். எங்களுக்கு முன்னால் ஊர் திரும்பும் போதகரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நேற்று இங்குள்ள சபையில் நம் மகன் சாட்சி சொன்னான். அவன் ஒரு வாக்கியம் சொல்ல, இந்த ஊர்த் தையல்காரர் அதை அவர்கள் மொழியில் சொல்வார். வேலையை விட்டுவிட்டு ஊழியத்துக்கு வந்த கதையைத்தான் சொல்லப்போகிறான் என்று நினைத்தேன். அவனோ, "நான் பரீட்சையில தோத்த அன்னைக்கு எங்கப்பா ஒண்ணுமே கேக்கல. என் ஷூவுக்கு பாலிஷ் போட்டு வச்சாரு" என்றான். அதோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான். அடுத்த வாக்கியத்துக்காகத் தையல்காரர் காத்திருந்தார். சபையே காத்திருந்தது.

"வீட்டுல ஒருநாள்கூட இதைச் சொன்னதில்லையே அத்தை!" என்றாள் மருமகள்.

தன் வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை, பக்கத்து வகுப்புக்கு அனுப்பினால் கடகடவென்று ஒப்பிக்கும். எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். இவனும் அந்த ரகம். நீங்கள் மட்டும் என்னவாம்? அவன் ராஜினாமா செய்த நாளிலிருந்து, "சாப்பிட்டானான்னு கேளு" என்று என்னிடம்தானே சொல்கிறீர்கள்! அவன் பக்கத்து அறையில்தான் இருப்பான்.

சனிக்கிழமை விமான நிலையத்துக்கு நீங்களே வாருங்கள். பெட்டி எடுக்கிற சாக்கில் நானும் மருமகளும் பின்தங்கிவிடுவோம். அவன்தான் முதலில் வெளியே வருவான்.

அன்புடன்,
உங்கள் வீட்டு டீச்சர்