பழம் கொண்டு போகும் இருவாச்சி

ஜூன் 4

அன்புள்ள அப்பாவுக்கு,

படம் கண்ணாடி உடையாமல் வந்து சேர்ந்தது. சரணாலயப் பலகைகள் வரைவதற்கே உங்களுக்கு நேரம் போதாது. அதற்கு நடுவில் எங்களுக்கென்று ஒன்று வரைந்திருக்கிறீர்கள். அம்மா உடனே ஆணியடித்து மாட்டிவிட்டாள். வருகிறவர்களிடமெல்லாம் இதே பேச்சுதான்.

"பொண் இருவாச்சி மரப்பொந்துக்குள்ள உட்கார்ந்து, சேறு பூசி வாசலை அடைச்சுக்கும். மூக்கு நீட்டற அளவுக்குத்தான் சந்து. ஆம்பளைப் பறவைதான் பழம் கொண்டுவந்து ஊட்டணும். எங்க வீட்டுக்காரர் தன்னையேதான் வரைஞ்சிருக்கார்."

"அப்போ நீ ஏன் தினமும் கதவைத் திறந்துவச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்க?" என்றாள் மேல்வீட்டு அக்கா. அம்மா சிரித்தாள். அவள் இப்படிச் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது.

ஒன்று கேட்கட்டுமா? நேரில் என்றால் வாயே திறக்க மாட்டேன். படத்தில் பொந்து, பறக்கிற பறவைக்குப் பின்னால் இருக்கிறது. பழம் இன்னும் அலகில் இருக்கிறது. அப்படியானால் அது எங்கே போகிறது?

மழைக்கு முன்னால் வருவீர்களா?

உங்கள் குட்டி

ஜூன் 19

கண்ணு குட்டிக்கு,

பள்ளிக்கூடத்தை விட்டு ஃபிரேம் கடைக்குப் போனாலும் போனாய், படத்தில் குற்றம் கண்டுபிடிக்கிறாய்! பறவை நேராகப் பொந்துக்கு வராது. ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் வரும். அம்மா சொல்வதே சரி.

இந்த மழைக்கு வர முடியாது. வேலை அப்படி. ஃபிரேமைப் பிரிக்க வேண்டாம், நானே பார்த்துப் பார்த்துப் போட்டது.

அப்பா

ஜூலை 12

அப்பாவுக்கு,

சுவர் ஊறி, கண்ணாடிக்குள் பூஞ்சை வந்துவிட்டது. அம்மா அழாத குறை. கடைக்கு எடுத்துப்போய் நான்தான் பிரித்தேன். நல்லவேளை, முதலாளி சாப்பிடப் போயிருந்தார்.

படத்தின் ஓரங்களை மறைத்துச் சுற்றி வைத்திருந்த அட்டையை எடுத்தேன். வலது ஓரத்தில் இன்னொரு மரம் இருந்தது. அதிலும் சேறு பூசிய பொந்து. சந்தில் ஒரு பெரிய அலகு, அதற்குக் கீழே ஒரு சின்ன அலகு. பறவை அந்தப் பக்கம்தான் பறக்கிறது.

நீங்கள் பொய்யாக வரையவில்லை. அட்டையைத்தான் அகலமாக வெட்டியிருக்கிறீர்கள்.

தம்பியா, தங்கையா என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

பூஞ்சையைத் துடைத்துவிட்டுப் புது அட்டை வெட்டினேன். அதே அகலம், வலது பக்கம் மட்டும் கொஞ்சம் கூடுதல். அம்மா மறுபடியும் மாட்டினாள்.

"பழையபடியே இருக்குல்லடி?"

"ஆமாம்மா."

"மழை விடட்டும், வந்துருவார் பாரு."

என்றைக்காவது அவளே பிரிக்கச் சொன்னால் பிரித்துக் காட்டுவேன். அதுவரை, வருகிறேன் என்று மட்டும் எழுதாதீர்கள். சாரல் உள்ளே அடிக்கிறது. அவள் கதவைச் சாத்த விடுவதில்லை.

குட்டி