இரண்டு மணிக்குக் கட்டம் இல்லாத படிவம்

என் மும்தாஜ் அக்காவுக்கு, பதில் வராது என்று தெரிந்தே சொல்லும் சலாம்.

நீ அடிபட்ட இடத்தில் இப்போது கம்பி வேலி போட்டுவிட்டார்கள். பக்கத்திலேயே, சாலையைக் கடப்பது குற்றம் என்று ஒரு பலகை. ஆனால் உன் கம்பெனி பஸ் இன்னமும் எதிர்ப்பக்கத்தில்தான் ஆட்களை இறக்கிவிடுகிறது. திரும்பி வருவதற்கு ரொம்ப தூரம் சுற்ற வேண்டுமாம். அதனால் முதல் ஷிஃப்ட் முடிந்து வரும் பெண்கள் டிபன் பையை முதலில் வேலிக்கு அந்தப் பக்கம் எறிந்துவிட்டு, பின்னாலேயே ஏறிக் குதிக்கிறார்கள். உன் கூட்டாளி ரத்னம்மாவுக்கு முழங்கால் வலி வேறு. அவரை இரண்டு பேர் பிடித்துத் தூக்கிவிடுகிறார்கள்.

பார்க்கும்போது எனக்கு ஆத்திரம் வருகிறது அக்கா. அவர்களைப் பார்த்தல்ல, அந்தப் பலகையைப் பார்த்து.

நான் பொதுக் கொள்கை படித்த காலத்தில், நோட்டில் ஒரு வட்டம் வரைந்து உனக்கு விளக்கியது ஞாபகம் இருக்கிறதா? பிரச்சினையை அடையாளம் காண்பது, வழிகளை ஒப்பிடுவது, முடிவெடுப்பது, நடைமுறைப்படுத்துவது, மதிப்பிடுவது, மறுபடி முதலிலிருந்து. நீ சப்பாத்தி மாவு ஒட்டிய கையோடு எட்டிப் பார்த்தாய். "சுத்திக்கிட்டே கீதேடி சபீ, எங்க எறங்கறது?" என்றாய். நான் சிரித்தேன். அது சிரிக்கிற கேள்வி இல்லை என்று இப்போதுதான் புரிகிறது.

வகுப்பில் முதலில் சொல்லித் தந்தது இதுதான்: ஒரு பிரச்சினைக்கு யார் பெயர் வைக்கிறார்களோ, அவர்கள் கையில்தான் தீர்வும் இருக்கும். உன் சாவுக்கு நெடுஞ்சாலைத் துறைக்காரர்கள் வைத்த பெயர், பாதசாரியின் கவனக்குறைவு. கவனக்குறைவுக்கு வேலி போட்டால் போதும். கடக்க வழியில்லை என்று எழுதியிருந்தால் சுரங்கப்பாதை தோண்ட வேண்டியிருந்திருக்கும். ஒன்றும் செய்யாமல் விடுவதும் ஒரு கொள்கைதான் என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதினேன். நல்ல மதிப்பெண்ணும் போட்டார்கள்.

அவர்களைத் திட்டுவது எனக்குச் சுலபம். ஆனால் அங்கே கடப்பவர்கள் குறைவு என்று காட்டிய கணக்கை எடுத்தது நான்தானே.

நீ இருக்கும்போதே, அந்த இடத்தில் எத்தனை பேர் கடக்கிறார்கள் என்று ஆளுக்கு ஒரு கோடு போட்டு எண்ண, ஒப்பந்த வேலைக்குச் சேர்ந்த என்னை நிறுத்தினார்கள். படிவத்தில் பத்து மணி முதல் ஒரு மணி வரைக்கும்தான் கட்டம். கிருஷ்ணகிரி ஆபீசிலிருந்து ஜீப் கிளம்பி வருவதற்குப் பத்தாகிவிடும், ஒரு மணிக்குச் சாப்பிடத் திரும்ப வேண்டும். கணக்கெடுப்பின் நேரத்தை முடிவு செய்தது அந்த ஜீப்தான். அன்று உனக்கு வார லீவு. எனக்குச் சோறு கொண்டுவந்தாய். படிவத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "என்னடி, கோடே காணோம்? ரெண்டு மணிக்கு நின்னு பாரு, ஷிஃப்ட் உடறப்போ தெரியும்" என்றாய்.

"ரெண்டு மணிக்குக் கட்டம் இல்லக்கா" என்றேன்.

"கட்டம் இல்லன்னா நாங்க ரோட்ட தாண்டறது இல்லன்னு ஆயிடுமா?"

நான் ஒரு மணி வரைக்குமே எண்ணினேன். கையெழுத்துப் போட்டுவிட்டு ஜீப்பில் ஏறிக்கொண்டேன். அடுத்த மாதம், அதே இடத்தில், இரண்டு மணி தாண்டிக் கொஞ்ச நேரத்தில் நீ போய்விட்டாய். நான் அன்று இரண்டு மணிக்கு நின்றிருந்தால் நீ இருந்திருப்பாயா? இதை யாரிடம் கேட்பது? நம்மைப் பெற்ற அத்தாவிடம் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

போன வாரம் ஓசூரில் ஆய்வுக் கூட்டம் நடந்தது. லாரிகளை எங்கே நிறுத்துவது என்பது முதல் பொருள். அதற்கு முந்திரி, டீ, கம்பெனிக்காரர்களின் பேச்சு என்று ஒன்றரை மணி நேரம் போனது. உன் சாலை கடைசிப் பொருள். எல்லோரும் பையை மூடிக்கொண்டிருந்தார்கள். வாசலில் காத்துக்கொண்டிருந்த ரத்னம்மாவை நான்தான் உள்ளே கூட்டிப்போனேன்.

பொறியாளர் நல்ல மாதிரிதான் பேசினார். "அங்க தாண்டறவங்க ரொம்பக் கம்மிங்கம்மா. டேட்டா இருக்குது" என்று என் படிவத்தைத் தூக்கிக் காட்டினார்.

"நாங்க எல்லாம் யாருங்க சார்? தெனமும் எகிறிக் குதிச்சுத்தானே வர்றோம்" என்றார் ரத்னம்மா. மீதியைக் கன்னடத்தில் திட்டினார். அது அங்கே எல்லோருக்கும் புரிந்தது, ஆனால் யாரும் அதைக் குறிப்பில் எழுதவில்லை.

"அந்த டேட்டா தப்புங்க சார். எடுத்தது நான்தான்" என்றேன். பொறியாளர் படிவத்தைக் கீழே வைத்தார். பிறகு அவர் குரலைத் தாழ்த்தி, "அக்கா போன வருத்தத்துல பேசறீங்க. திங்கட்கெழம வந்து, கணக்கு சரின்னு ஒரு சரிபார்ப்புல கையெழுத்துப் போட்டுடுங்க. ஒப்பந்தத்தயும் நீட்டிச்சுடலாம்" என்றார். என்ன மரியாதை, என்ன கனிவு! காறித் துப்ப வேண்டும் போல இருந்தது. அவர் மேல் பாதி, என் மேல் பாதி.

அதற்கப்புறம் மூன்று நாள் இரண்டு மணிக்கு அங்கே நின்றேன். கட்டம் இல்லாததால் படிவத்தின் பின்பக்கம் ஸ்கேல் வைத்து நானே போட்டேன். ஒரு பஸ் வந்து நின்றதுமே நான் போட்ட கட்டம் போதவில்லை. ரத்னம்மா தள்ளி நின்று உரக்க எண்ண, நான் கோடு கிழித்தேன். அன்று மூன்று மணி நேரத்தில் கிழித்ததை விட அதிகமான கோடுகள் பத்தே நிமிடத்தில் விழுந்தன.

நாளை திங்கட்கிழமை. சரிபார்ப்புத் தாளில் கையெழுத்துப் போடப் போவதில்லை. என் பழைய கணக்கைத் திரும்பப் பெறுகிறேன் என்று எழுதிவிட்டேன், புதிய கணக்கையும் சேர்த்துக் கட்டிவிட்டேன். காரணம் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று நேற்றெல்லாம் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் இவ்வளவுதான் எழுதினேன்: "தினமும் இந்தச் சாலையைக் கடந்தவர், இரண்டு மணிக்கு நின்று பார்க்கச் சொன்னார். நான் நிற்கவில்லை."

அதைப் பெற்றுக்கொண்டதாக முத்திரை குத்தி வாங்காமல் அந்த அலுவலகத்தை விட்டு நகர மாட்டேன் அக்கா. வேலை போனால் போகட்டும். அதன் பிறகு தினமும் இரண்டு மணிக்கு நான் வேலியோரம் இருப்பேன், ரத்னம்மாவின் பையை இந்தப் பக்கம் வாங்கிக்கொள்ள.

நீ சொன்னதை நீ போன பிறகு கேட்ட
உன் தங்கச்சி சபீனா