சிப்பியின் முதுகு

8 ஜூலை, திங்கள்

காற்று. காலையிலேயே கண்ணில் மண். துறைமுகச் சாலையைப் பார்த்த பள்ளிச் சுவரைக் கழுவினோம். வாளித் தண்ணீரெல்லாம் நிலக்கரித் தூசியில் கறுப்பு. அந்தச் சுவரில்தான் ஓவியம். கடலடி, மீன்கள், நடுவில் ஆள் உயரத்துக்கு ஒரு முத்துச்சிப்பி. சிப்பி முதுகின் சொரசொரப்பு பிரஷ்ஷில் வராதாம். கசக்கிய துணியைப் பெயின்ட்டில் முக்கி ஒற்ற வேண்டும் என்றார் டிராயிங் சார். நன்றாக ஒற்றுகிறவருக்குச் சிப்பி. வியாழக்கிழமை சொல்வார்.

எனக்குத்தான். வீடியோக்கள் பார்த்து நான்கு பக்கம் குறிப்பு எடுத்திருக்கிறேன். வேறு யார் எடுத்தார்கள்?

வாங்க: மஞ்சள் துடைக்கும் துணி, கையுறை.

9, செவ்வாய்

சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் பழகினோம். சாம்பல் நிறம் அடித்துக் காய்ந்த சுவர், அதன் மேல் பழுப்புப் பெயின்ட்டை ஒற்ற வேண்டும். என் புதுத்துணி பெயின்ட்டைக் குடிக்கவே இல்லை. ஒரே அளவில் வட்டம் வட்டமாக விழுந்தது.

சார்: "ஏம்மா, வரிசையா இட்லி அவிச்சு வச்சிருக்கே?"

எல்லாரும் சிரித்தார்கள். ரெஜினாவும். இந்த வருடம்தான் ஆலந்தலையிலிருந்து வந்து எங்கள் வகுப்பில் சேர்ந்தவள். நூலகப் பக்கமே வராதவள். அவள் அப்பாவின் பழைய கைலியைக் கிழித்துக் கொண்டுவந்திருந்தாள். முக்கினாள், பிழிந்தாள், பேசிக்கொண்டே சுவரில் உருட்டினாள். பேசிக்கொண்டே! மேடு, பள்ளம், வரி. தொட்டால் கையைக் கீறும்போல ஒரு சிப்பி.

"எல்லாரும் இங்கன வந்து பாருங்க" என்று சார் கூப்பிட்டார்.

மத்தியானம் சாளை மீன் குழம்பு. பிடித்ததுதான், இறங்கவில்லை.

ரெ.யின் நகத்தில் அழுக்கு. (இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இருந்தாலும்.)

10, புதன்

அம்மாவின் பழைய நைட்டியைக் கிழித்தேன். அது பழையது இல்லையாம். "ஒன் சிப்பிக்கு என் நைட்டிதான் கெடச்சுதா?" காலை முழுக்கத் திட்டு.

நைட்டி பெயின்ட்டைக் குடித்தது. ஆனாலும் இட்லி. கொஞ்சம் பிய்ந்த இட்லி.

ரெ.க்குப் பின்னால் நின்று பார்த்தேன். ஒவ்வொரு முறையும் மணிக்கட்டைத் திருப்புகிறாள்.

"என்னளா, என் கையவே பாக்கே?"

"மணி பாத்தேன்."

அவள் கடிகாரமே கட்டியிருக்கவில்லை.

11, வியாழன்

சிப்பி ரெஜினாவுக்கு.

எனக்கு எழுத்து வேலை. சுவரின் அடியில் பள்ளியின் பெயர், வரைந்தவர்கள் பெயர்கள். "ஒன் கையெழுத்து மாதிரி யாருக்கும்மா வரும்?" என்றார் சார். வீட்டில் அம்மாவும் அதையே. பேசி வைத்தது போல. நான் சந்தோஷப்பட வேண்டுமாம்.

அழவில்லை. கொஞ்சம்தான்.

13, சனி

காற்று குறைவு. பெயின்ட் காய நேரமாகிறது. ரெ. ஸ்டூலில் ஏறிச் சிப்பி. நான் கீழே குந்தி எழுத்து.

பெயர் வரிசையில் முதலில் ரெஜினா. சார் சொன்ன வரிசை. எறும்பு அளவுக்கு எழுதினேன். தள்ளி நின்று பார்த்தால் எனக்கே கேவலமாக இருந்தது. நைட்டித் துணியை எடுத்து, எரிச்சலில், அழுத்தித் திருகித் துடைத்தேன். பாதி போனது. மீதிப் பெயின்ட் சாம்பல் நிறச் சுவரில் ஈஷிக்கொண்டு நின்றது.

சிப்பி! மேடு, பள்ளம், வரி, எல்லாம்.

ரெ. ஸ்டூலிலிருந்து குதித்தாள். "ஏளா! இது எப்படிச் செஞ்ச? மேல எனக்கு இப்படி வரவே மாட்டேங்கு. காட்டுளா."

எப்படிச் செய்தேன் என்று எனக்கே தெரியாது.

"அதெல்லாம் பழகணும்" என்றேன்.

பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். சிப்பியை அழிக்காமல், அதற்குக் கீழே அவள் பெயரைத் திரும்ப எழுதும்போதும் நகரவில்லை. பெரிதாகத்தான் எழுத வேண்டியதாயிற்று.