மேஸ்திரி திறந்த தாழ்ப்பாள்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் மேஸ்திரியும் சுகம். அங்கே உன் இருமல் நின்று நீயும் சுகமாக இருக்கிறாய் என்று வைத்துக்கொண்டுதான் மேலே எழுதுகிறேன், நிற்கவில்லை என்றால் இந்த வரியோடு நிறுத்திவிட்டு முதலில் போய் வெந்நீர் குடித்துவிட்டு வா. போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனை எடுத்தால் அப்பா பக்கத்து நாற்காலிக்கு வந்துவிடுகிறார், நான் ஒன்று ஆரம்பிக்க அவர் ஒன்று சொல்ல, அதை நான் திருத்த, கடைசியில் உனக்கு யார் சொன்னதும் முழுதாக வந்து சேருவதில்லை. அதோடு இந்த முறை அவர் காதுக்குப் போகக்கூடாத விஷயம் ஒன்றும் இருக்கிறது. அது பின்னால் வரும், பொறுமையாகப் படி.

முதலில் தெருச் சேதி. நீ ஊருக்குக் கிளம்பிய அன்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு பலகைமேல் தட்டுத்தடுமாறிப் போனாயே, அந்தப் பள்ளத்தை ஒருவழியாக மூடிவிட்டார்கள். குழாய்கள் எல்லாம் மண்ணுக்குள் போய், மேலே ஜல்லி கொட்டி, தார் ஊற்றி, ரோலர் ஓட்டி, தெரு இப்போது கரும்பலகை மாதிரி இருக்கிறது, எனக்கு அதைப் பார்த்தால் சாக்பீஸ் எடுத்து ஏதாவது எழுதலாம் என்று தோன்றுகிறது. எதிர்வரிசைத் தையல்காரர், "இனிமே என் கடைக்கு வர்றவங்க செருப்பைக் கையில தூக்கிட்டு வரவேண்டியதில்ல" என்று வாசலைக் கழுவி விட்டிருக்கிறார். தார் போடும்போதே, திங்கட்கிழமையிலிருந்து பழையபடி பஸ் ஓடும் என்று தெருமுனையில் அறிவிப்பும் வைத்தார்கள். எல்லோருக்கும் சந்தோஷம், எங்களுக்கும்தான், ஆனால் நம் வீட்டில் ஒரு ஜீவனுக்கு அப்போது பஸ் என்றால் என்னவென்றே தெரியாது. மேஸ்திரியை நீ வீடியோவில்தான் பார்த்திருக்கிறாய், அது பிறந்த கதையைச் சரியாகச் சொன்னேனா என்று தெரியவில்லை. தெருவில் அடுக்கி வைத்திருந்த குழாய்களில் ஒன்றுக்குள்தான் அது பிறந்தது. தாய்ப்பூனை எங்கேயோ போய்விட, இது மண்மேட்டின் உச்சியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, ஒரு வேலையும் செய்யாமல் பள்ளத்தில் நிற்பவர்களை எல்லாம் முறைத்துக்கொண்டே இருக்கும், அதனால் பள்ளம் தோண்டியவர்கள் வைத்த பெயர்தான் மேஸ்திரி. நாங்கள் பால் வைக்கப்போய் நம் வீட்டோடு வந்துவிட்டது. பெண் என்று பிறகுதான் தெரிந்தது, பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஆக, பிறந்ததிலிருந்து அதுவரை அது வேகமாக ஓடுகிற வண்டி ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. அதன் கணக்கில் தெரு என்பது நம் வீட்டு ஹாலின் நீளமான பாகம், நடுவில் படுப்பதற்கென்றே போட்டது. புதுத் தாரின் சூடு இதமாக இறங்கியதும் நட்டநடுவில் மல்லாந்து படுத்துக்கொண்டது.

ஒருநாள் ரோலர் ஓட்டுகிறவர் அதை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நம் வாசலுக்கே வந்துவிட்டார். "டீச்சரம்மா, உங்க மேஸ்திரி ரோலருக்கு முன்னாடி படுத்துக்கிட்டு நகரமாட்டேங்குது. நானும் ஒவ்வொரு தடவையும் இறங்கி, தூக்கி ஓரமா விட்டுட்டுப் போறேன், திரும்பி வந்து அதே இடத்துல படுக்குது. நான் ஓட்டுறது ஆமை வேகம், இறங்க நேரம் இருக்கு. பஸ்காரன் இறங்குவானா?" என்று கேட்டுவிட்டு அதை என் கையில் கொடுத்தார். அன்றைக்கு ஆரம்பித்தது எங்கள் வழக்கு. அப்பா உடனே தீர்ப்பே சொல்லிவிட்டார், இனி பூனை வீட்டுக்குள்தான், பேச்சே இல்லை என்று. ஆயுசு பூரா பஸ் ஓட்டியவர் அல்லவா, என்னை மேசைமேல் நாற்காலி போட்டு உட்காரவைத்து, முகத்துக்கு முன்னால் ஒரு பெரிய தட்டைப் பிடித்து, கீழே பூனையின் கிண்ணத்தை வைத்து, "தெரியுதா?" என்றார். தெரியவில்லை. "அவ்வளவுதான். உசரத்துல உக்காந்திருக்கிறவனுக்கு மூக்குக்கு நேர் கீழ என்ன கிடக்குதுன்னு தெரியாது" என்று என்னை இறக்கிவிட்டார். நான் வெளியே விடவேண்டும் என்ற கட்சி. மூடிய அட்டைப்பெட்டியில் ஒரு சின்ன ஓட்டை போட்டு உள்ளே முளைவிட்ட செடியை வைத்தால் அது வளைந்து வளைந்து ஓட்டையைத் தேடி வந்துவிடும் என்று எத்தனை வகுப்புக்குச் செய்து காட்டியிருக்கிறேன், ஒரு செடியே அப்படி என்றால் தெருவிலேயே பிறந்த பூனையை எப்படிப் பூட்டிவைப்பது. உயிருள்ளது எதுவும் கற்றுக்கொள்ளும், இதுவும் கற்றுக்கொள்ளும் என்றேன். "கத்துக்கணும்னா முதல்ல தப்புப் பண்ணணும். இந்தப் பாடத்துல தப்பு ஒரு தடவைதான் பண்ண முடியும்" என்றார். நான் விடாமல், நம் பெண்ணையே அவ்வளவு தூரம் அனுப்பிவைக்கவில்லையா என்று இழுத்தேன். "அவ ரெண்டு பக்கமும் பாத்துட்டு ரோட்டைக் கடக்கிறவ" என்று முடித்துவிட்டார்.

இப்படியே போனால் திங்கட்கிழமை வந்துவிடும் என்று பார்த்து நான் பழைய வித்தையை எடுத்தேன். நீயும் என் வகுப்பில் உட்கார்ந்து பட்டவள்தான், விவாதத்தில் இரண்டு கோஷ்டியும் முறைத்துக்கொண்டால் கட்சியை மாற்றிவிடுவேன், வெயில் நல்லது என்றவன் மழைக்காகப் பேசவேண்டும், சாயங்காலத்துக்குள் இரண்டு கோஷ்டியும் நடுவில் எங்காவது வந்து கைகுலுக்கிவிடும். அப்பாவும், "சரிங்க டீச்சர்" என்று கையைக் கட்டிக்கொண்டு சம்மதித்தார். அவர் எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் இல்லையே, மறுநாளே மேஸ்திரியை வெளியே விட்டு அதன் பின்னாலேயே போய், அது எங்கே போகிறது, எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டு வந்தார். வந்தவர் முகத்தில் அப்படி ஒரு ஆச்சரியம். "அதுக்கு ரூட் இருக்கு, தெரியுமா? ஸ்டாப்பு இருக்கு. மருந்துக்கடை வாசல், அப்புறம் சாக்கடை மூடி, அதுல குனிஞ்சு என்னமோ கேக்குது, அப்புறம் நேரா தையல்கடை. மெஷினுக்குக் கீழ வெட்டுத்துணிக் குவியல்ல ஏறி உக்காந்து, அவர் கால் மிதிக்க மிதிக்க அதையே பாக்குது. எந்த ஸ்டாப்பும் விடுறதில்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் என் பங்குக்கு அதை உள்ளே வைத்துக்கொண்டு கவனித்தேன். நாம் வீட்டை நீள அகலமாகத்தான் பார்க்கிறோம், அது உயரமாகப் பார்க்கிறது. பீரோ மேல், புத்தக அலமாரியின் மேல்தட்டு, ஃப்ரிட்ஜ் உச்சி என்று அதற்கு நம் வீடு மாடி மாடியாக இருக்கிறது. சமையலறைக் குழாயில் ஒரு சொட்டு திரண்டு, நீண்டு, விழும் வரைக்கும் மூச்சுவிடாமல் பார்க்கிறது, நான் எந்த மாணவனையும் ஒரு சொட்டுத் தண்ணீரை அவ்வளவு கவனமாகப் பார்க்க வைத்ததில்லை. கால்நடை டாக்டரம்மாவையும் கேட்டேன், பொதுவாக வீட்டுக்குள் வளரும் பூனைக்கு ஆயுசு அதிகம், சண்டையும் நோயும் குறைவு, ஆனால் வெளியே பழகியதை உள்ளே வைத்தால் கொஞ்ச நாள் கத்தும், அதற்கு ஏறவும் ஒளியவும் வேடிக்கை பார்க்கவும் ஏதாவது செய்துகொடுங்கள் என்றார்கள். அப்புறம் அது என் மடியில் தூங்க ஆரம்பித்தது. விளைவு என்னவென்றால், நாங்கள் நடுவில் சந்திக்கவே இல்லை. ஒருவரை ஒருவர் தாண்டி, அவர் நான் இருந்த இடத்துக்கும் நான் அவர் இருந்த இடத்துக்கும் போய்ச் சேர்ந்துவிட்டோம். அதை ஒப்புக்கொள்ளத்தான் இருவருக்கும் வாய் வரவில்லை, இன்னும் பயிற்சிக்காகப் பேசுகிற மாதிரியே பேசிக்கொண்டிருந்தோம்.

அப்போதுதான் அந்த அதிசயம். நான் வாசல் கதவைச் சாத்தி நடுத் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுப் போவேன், கொஞ்ச நேரம் கழித்து வந்து பார்த்தால் தாழ்ப்பாள் திறந்திருக்கும், மேஸ்திரி தெருவில் இருக்கும். செருப்பு அலமாரிமேல் ஏறி நின்று காலால் தள்ளித் திறக்கிறது என்றார் அப்பா. "நீ சொன்னதுதான், உயிருள்ளது எல்லாம் கத்துக்கும்" என்று என் பேச்சையே எனக்குத் திருப்பிக் கொடுத்தார். எனக்கு ஒரே பெருமை. தையல்காரரிடம் சொன்னேன், மருந்துக்கடையில் சொன்னேன், டாக்டரம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன், அவர்கள், "அப்படியா?" என்று கேட்ட தோரணையிலேயே நான் சுதாரித்திருக்க வேண்டும். முன்னங்காலால் தள்ளுகிறதா, மூக்காலா என்று தெரிந்துகொள்ளாவிட்டால் மண்டை வெடித்துவிடும் போலிருந்தது. அறிவியல் டீச்சர் அல்லவா, தாழ்ப்பாள் முழுக்க முகத்துக்குப் போடும் பவுடரை மெல்லிசாகத் தூவி வைத்தேன், பாதத்தில் ஒட்டும், தடமும் கிடைக்கும் என்று. திரும்பி வந்தபோது தாழ்ப்பாள் திறந்திருந்தது, பவுடரும் அழிந்திருந்தது. தெருவுக்கு ஓடி மேஸ்திரியைத் தூக்கி நாலு பாதத்தையும் கண்ணாடி போட்டுப் பார்த்தேன், தார்க்கருப்பைத் தவிர ஒன்றும் இல்லை. உள்ளே வந்தால் அப்பா நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார், வழக்கம்போல ஒரு கை மீசையைத் தடவிக்கொண்டிருக்கிறது, மீசையின் ஒரு பக்கம் வெள்ளைவெளேர் என்று இருக்கிறது.

நான் எதுவும் கேட்கவில்லை. ஏன் என்று கேட்டால் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. வகுப்பில் வாயே திறக்காத ஒருவன் திடீரென்று எழுந்து தன் கட்சிக்காக மூச்சுமுட்டப் பேசினால், அவன் சொல்வது தப்பாகவே இருந்தாலும் உடனே உட்கார் என்று சொல்ல மனம் வராது, அப்படித்தான். பேப்பருக்குப் பின்னால் அவருக்கு அவ்வளவு திருப்தி. சாயங்காலம் காபி கொடுக்கும்போது முகத்தைத் துடைத்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னேன்.

பஸ் திங்கட்கிழமைதானே என்று நான் தைரியமாக இருந்தது அங்கேதான் உதைத்தது. சனிக்கிழமை காலையில் நான் பின்பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன், தெருவில் பெரிய சத்தம். ரோடு தாங்குகிறதா என்று பார்க்க ஆளில்லாத பஸ் ஒன்றை ஓட்டிப் பார்க்கிறார்களாம், யாருக்கும் முன்கூட்டிச் சொல்லவில்லை. நான் வாசலுக்கு வந்தபோது தாழ்ப்பாள் திறந்திருந்தது, மேஸ்திரி நடுத்தெருவில் படுத்திருந்தது, மாடிப்படி ஏற முழங்கால் வலிக்கிறது என்கிற உன் அப்பா வேட்டியைக்கூட மடித்துக் கட்டாமல் பஸ்ஸைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தார், இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு. நான் கத்தினேன் என்று தையல்காரர் சொன்னார், எனக்கு நினைவில்லை. பஸ் நின்றது. ஓட்டியவர் அப்பாவிடம் வேலை பழகியவராம், எட்டிப்பார்த்து, "என்னண்ணே, நீங்களே வண்டிய மறிக்கிறீங்க?" என்று சிரித்தார், அப்பா கையைக் கீழே காட்டினார். அப்புறம் நடந்ததுதான் எனக்கு இன்னும் மனதைவிட்டுப் போகவில்லை. அந்தப் பூனை ஓடவில்லை. எழுந்து உட்கார்ந்து பஸ்ஸை ஒருமுறை பார்த்தது, காலை நக்கிக்கொண்டது, காத்திருந்தது. டிரைவர் இறங்கி வந்து அதைத் தூக்கி ஓரமாக விட்டார். அதற்குத்தான் காத்திருந்தது அது. எவ்வளவு பெரிய வண்டி வந்தாலும் பக்கத்தில் வந்ததும் நின்றுவிடும், ஒரு மனிதர் இறங்கி வந்து தூக்குவார் என்று ரோலர்காரர் தினமும் சொல்லிக்கொடுத்த பாடத்தை அது அச்சுப் பிசகாமல் கற்றுவைத்திருக்கிறது. உயிருள்ளது கற்றுக்கொள்ளும் என்று நான் சொன்னது சரி. எதைக் கற்றுக்கொள்ளும் என்று நான் யோசிக்கவே இல்லை.

அப்பா வாசற்படியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். மத்தியானச் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டார். மேஸ்திரி நன்றாகச் சாப்பிட்டுவிட்டு ஃப்ரிட்ஜ்மேல் தூங்கியது. அன்றிலிருந்து நான் போட்ட தாழ்ப்பாள் போட்டபடியே இருக்கிறது. அப்பாவே ஒருநாள் அதைப் பார்த்துக்கொண்டு நின்று, "பஸ்ஸைப் பாத்துப் பயந்துபோச்சு போல, திறக்கிறதையே மறந்துடுச்சு" என்றார். இருக்கும் என்றேன் நான்.

ஆக, பூனை உள்ளேதான் என்று முடிவாயிற்று. பின்பக்கம் துணி உலர்த்தும் இடத்தைச் சுற்றியும் மேலேயும் வலை அடித்துவிட்டோம், வெயிலும் காற்றும் அங்கே கிடைக்கிறது. ஆனால் எதிரே தையல் மெஷின் சத்தம் கேட்க ஆரம்பித்தால் வாசல் கதவடியில் போய் உட்கார்ந்து கத்துகிறது, அந்தச் சத்தம் அப்பாவுக்குத் தாங்கவில்லை. இப்போது என்ன செய்கிறார் தெரியுமா, சாயங்காலமானால் அதை ஒரு துணிப்பையில் தலை மட்டும் வெளியே தெரிகிற மாதிரி போட்டுக்கொண்டு, வாசலில் நின்று வலது பக்கம் பார்த்து, இடது பக்கம் பார்த்து, மறுபடி வலது பக்கம் பார்த்து, ரோட்டைக் கடந்து தையல்கடையில் கொண்டுபோய் இறக்கிவிடுகிறார். மருந்துக்கடை வாசலிலும் நின்று போகவேண்டுமாம், ஸ்டாப்பை விட்டால் பயணி கோபித்துக்கொள்வாராம். தையல்காரர் தூரத்திலேயே பார்த்துவிட்டு, "வண்டி வந்தாச்சு, ஒரே ஒரு டிக்கெட்டு" என்று குரல் கொடுக்கிறார். நடங்கள், நடந்தால்தான் முழங்கால் சரியாகும் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பாய், பிசியோதெரபி என்று ஊரில் உள்ளவர்களை எல்லாம் நடக்கவைப்பது உன் வேலை, சொந்த அப்பாவை மட்டும் முடியவில்லை என்று வருத்தப்படுவாயே, இப்போது ஒருநாள் தவறாமல் போய்வருகிறார்.

நாங்கள் செய்தது சரிதானா என்று எனக்கு இன்னும் தீர்மானமாகத் தெரியவில்லை. உன் அறைத்தோழி வளர்க்கும் பூனை கதவைத் தாண்டியதே இல்லை என்றாயே, அதைக் கொஞ்சம் கவனித்து எழுது. தெரு தெரிகிற ஜன்னலில் உட்காருகிறதா, வானம் தெரிகிற ஜன்னலிலா? கதவு திறந்தால் எழுந்து வருகிறதா, தலையை மட்டும் தூக்கிப் பார்க்கிறதா? சும்மா உத்தேசமாக எழுதாதே, பார்த்துவிட்டு எழுது.

நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத்தலையோடு வெளியே போகாதே. நீ நினைத்ததெல்லாம் நடந்து, உடம்புக்கு ஒன்றும் வராமல், நிறைந்த மனதோடு இருக்கவேண்டும் என்று நாங்கள் இருவரும் ஆசீர்வதிக்கிறோம். ஒன்றை மறந்துவிடாதே. அடுத்த முறை போனில் அப்பா உனக்கு மேஸ்திரி தாழ்ப்பாள் திறந்த கதையைச் சொல்வார், பார்க்கிற எல்லோரிடமும் இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார். காலாலா, மூக்காலா என்று ஆச்சரியமாகக் கேள்.

பிரியமுள்ள
அம்மா