வாளுக்கு ஊற்றிய தண்ணீர்

கலகெதர,
நோன்பு கடைசிப் பத்து, சனிக்கிழமை.

அன்பு மகன் இல்ஹாமுக்கு, உம்மாவின் ஸலாம்.

குடிக்கத் தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது மோகன் அண்ணன் ஏன் குடிக்காமல் நின்றார் என்று நேற்று போனில் கேட்டாய். எனக்கு அதற்குப் பதில் தெரியாது. காரணம் என்று சொல்லப்பட்டது தெரியும், அதை இந்தக் கடிதத்தில் எழுதுகிறேன், ஆனால் காரணம் தெரிந்த பிறகும் கேள்வி அப்படியே நிற்கிறது. சிக்னல் சரியில்லை என்று சொல்லிப் போனை வைத்தது பொய். வாப்பா எதிர்க் கதிரையில் இருந்தார், அவர் இருக்கும்போது இதைப் பேச முடியாது. அடுத்த வீட்டு அஸ்ஃபர் திங்கட்கிழமை தோஹாவுக்குத் திரும்புகிறான், அவன் கையில் இதைக் கொடுத்து விடுகிறேன்.

நீ சுகமாக இருப்பாய் என்ற நினைப்பில்தான் எழுதுகிறேன், நாங்கள் இருவரும் எழுந்து நடமாடுகிறோம் அல்ஹம்துலில்லாஹ், அதற்கு மேல் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. நோன்பு விடுமுறை என்பதால் எனக்குப் படிப்பிக்கப் பள்ளிக்கூடம் இல்லை. இங்கே வெயில் நீ இருந்த காலத்து வெயில் இல்லை. கிணற்றில் வாளி விட்டால் சேறு வருகிறது, பைப்பில் தண்ணீர் நினைத்த நேரம்தான் வரும், கண்டி டவுனுக்குப் போய் வந்தால் தலைக்குள் ஏதோ அடித்துக்கொண்டே இருக்கிறது. ரேடியோவில் தினமும் வெப்ப எச்சரிக்கை சொல்கிறார்கள், நானும் எல்லாரையும் போல அதைக் கேட்டுவிட்டு என் வேலையைப் பார்த்தேன், எச்சரிக்கை என்றால் அது வேறு யாருக்கோ என்றுதான் மனிதர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். வெங்காயத்தைப் பொக்கெட்டில் வைத்துக்கொண்டால் வெயில் பிடிக்காது என்று வட்ஸ்அப்பில் வந்ததாம், நப்லா மாமி வாப்பாவுக்கு இரண்டு வெங்காயம் கொடுத்தனுப்பினார். அதை நான் கறிக்குப் போட்டேன்.

நீ வாங்கித் தந்த மரம் அரியும் மெஷினில் எனக்கு முதலில் நம்பிக்கை இருக்கவில்லை என்பது உனக்குத் தெரியும். மரம்தான் அரிவதற்கு மரக்காலைக்கு வரும், மரக்காலை மரத்தைத் தேடிப் போகுமா என்று கேட்டவள் நான். புயலில் மரங்கள் சாய்ந்த பிறகு வாப்பா சொன்னதுதான் சரியாகப் போயிற்று. சரிவில் விழுந்து கிடக்கும் மரத்தை லொறிக்குக் கொண்டு வரப் பாதை இல்லை, அங்கேயே மெஷினை இழுத்துப் போய், அது ஓடுகிற தண்டவாளத்தைச் சமமாகப் போட்டு, மரத்தை உருட்டி ஏற்றி, பலகையாக அரிந்து தோளில் இறக்குகிறார்கள். கூரை போன வீடுகளுக்கெல்லாம் இப்போது பலகை வேண்டும், கிடக்கிற மரமோ வெயிலில் வெடிக்கிறது, மழை தொடங்குமுன் முடிக்க வேண்டும் என்று நோன்பிலும் வேலை நிற்கவில்லை. இந்த மாதம் இங்கிருந்து மேட்டில் இருக்கிற ஒரு தோட்டத்தில் வேலை, பலாவும் மகோகனியும். நிழல் தந்த மரங்கள்தான் விழுந்து கிடக்கின்றன, அதனால் அந்த இடத்தில் நிழல் என்று ஒன்றில்லை. எஞ்சினில் வெயில் படக்கூடாது என்று வாப்பா மேலே தகரம் அடித்தார், அதற்குக் கீழே நின்றால் சூடு இன்னும் அதிகம். நான் ஒரு நாள் போய்ப் பார்த்தேன். மெஷினைத் தள்ளிக்கொண்டு போகிற கம்பியைச் சீலை சுற்றாமல் பிடிக்க முடியாது. மரம் அரிகிற அந்த வாள் ரிபன் மாதிரி மெல்லியது, சூடேறினால் தளர்ந்து கோணலாக ஓடும், பலகை அலையலையாக வரும், அதனால் மேலே ஒரு கேனில் இருந்து அதன்மேல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டே இருக்க வேண்டும். கீழே காணிக்காரரின் பைப்பில் பிடித்து, மேட்டில் சுமந்து வந்து, அந்தக் கேனை நிரப்பியது உன் மோகன் அண்ணன், மோகனராஜ்தான். வாப்பா மேசை கதிரை செய்து விற்ற தளபாடக் கடைக் காலத்தில் இருந்து கூட நிற்கிறவர், உன்னைச் சைக்கிளில் பள்ளிக்கு ஏற்றிப் போனவர், அவரைப் பற்றி உனக்கு நான் சொல்லத் தேவையில்லை.

புதன்கிழமை ளுஹர் தொழுகை நேரம் தாண்டி வாப்பா கீழே நிறுத்தியிருந்த வேனடிக்குப் போய்விட்டு மேலே ஏறி வரும்போது எஞ்சின் சத்தம் ஒரே மாதிரிக் கேட்டதாம், மரத்தில் வாள் ஓடும்போது வருகிற சத்தம் இல்லை. வாள் பலாவின் பாதியில் நிற்கிறது, தண்ணீர் அதன்மேல் சொட்டிக்கொண்டிருக்கிறது, மோகனராஜ் தண்டவாளத்தில் உட்கார்ந்திருக்கிறார். "மழ இருட்டுதுங்க மொதலாளி, ஆட்ட உள்ள கட்டிட்டாங்களா" என்று கேட்டாராம். வானத்தில் ஒரு மேகம் இல்லை, அவர் வீட்டில் ஆடும் இல்லை. வாப்பா முதலில் பகிடி என்றுதான் நினைத்திருக்கிறார், "என்ன ஆடு மோகன், ஒனக்குப் புத்தி பெரண்டிட்டா" என்று சிரித்துக்கொண்டு தோளைத் தொட்டிருக்கிறார். தோள் சுட்டதாம். ஒரு துளி வியர்வை இல்லை. வியர்வை நின்றுபோனால் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று வருடா வருடம் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதுகிறேன், வீட்டில் ஒரு தடவையும் அதைச் சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை. மோகனராஜ் எழும்பப் பார்த்து, முகம் குப்புற மரத்தூளில் விழுந்தார். கேனில் இருந்த தண்ணீர் முழுவதையும் அவர்மேல் ஊற்றி, அன்று அரிந்த பலகையிலேயே படுக்க வைத்து, காணிக்காரரும் ஒரு த்ரீவீல்காரரும் சேர்ந்து இறக்கினார்கள். இங்கே ஆஸ்பத்திரியில் ஐஸ் வைத்து உடனே கண்டிப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள். ஹீட் ஸ்ட்ரோக் என்றார்கள். நேற்றுக் கண்ணைத் திறந்தார், ஆனால் டிலானியைப் பார்த்து யார் என்று தெரியவில்லை. தன் மனைவியைத் தெரியவில்லை, மகன். சிறுநீரகமும் பாதிக்கப்பட்டிருக்கிறது, தப்புவாரா, தப்பினாலும் புத்தி திரும்புமா என்று டொக்டர்கள் இன்னும் சொல்லவில்லை.

அன்று டொக்டர், இவர் கடைசியாக எப்போது தண்ணீர் குடித்தார் என்று கேட்டார். பகல் முழுக்கக் குடிக்கிறவர், போத்தல் காலியாவதை நானே பார்த்திருக்கிறேன் என்று வாப்பா உறுதியாகச் சொன்னார். போத்தல் காலியானது உண்மைதான், நோன்பு தொடங்கிய அன்றே, எனக்காகப் பார்க்காதே, தண்ணீர்ப் போத்தல் இல்லாமல் வேலைக்கு வராதே என்று அவருக்குச் சொல்லியிருந்தார். அப்போது டிலானி என் பக்கம் திரும்பி, சாதாரணமாக, ஊருக்கே தெரிந்த ஒன்றைச் சொல்வது போல் சொன்னார். "அவரு நோன்பு மாசத்துல பகலுக்கு ஒண்ணும் வாயில வைக்க மாட்டாருங்க டீச்சர். இப்ப இல்ல, நான் கல்யாணம் கட்டி வந்ததுலேர்ந்து இப்பிடித்தான். மொதலாளி பச்சத்தண்ணி இல்லாம நிக்கிறப்ப நாம மடக்கு மடக்குனு குடிச்சா நல்லாவா இருக்கும்பாரு. நீ என்ன, தொப்பி போட்டுக்கிட்டியான்னு நானும் ஏசுவேன், சிரிப்பாரு. போத்தல் கொண்டு போறதெல்லாம் மொதலாளி சத்தம் போடுவாருன்னுதான். அத மிஷினுக்குத்தான் ஊத்துவாராம்." கடைக்குள் நிழலில் நின்று வேலை செய்த வருடங்களில் அது அவரை ஒன்றும் செய்யவில்லை, எங்களுக்கும் தெரியவரவில்லை. நோன்பு துறக்கிற நேரம் நான் அனுப்புகிற கஞ்சியை ஒரே இழுப்பில் குடிப்பதைப் பார்த்து, "மோகனும் எங்களோட நோன்பு துறக்கியான்" என்று வாப்பா பகிடியாகச் சொல்வார், நாங்கள் சிரித்திருக்கிறோம்.

இனி உனக்குத் தெரியாத பாதி. வாப்பா இந்த வருடம் ஒரு நோன்பும் பிடிக்கவில்லை. இன்சுலின் தொடங்கிய பிறகு டொக்டர் கூடாது என்றார், நானும் கூடாது என்றேன், மார்க்கமும் நோயாளிக்கு விட்டுத்தான் கொடுத்திருக்கிறது, அதற்குப் பதிலாக ஏழைகளுக்குச் சாப்பாடும் கொடுத்து வருகிறோம். ஆனால் வெளியில் சொல்ல அவருக்கு முடியவில்லை. நப்லா மாமிக்குச் சொல்லவில்லை, உனக்குச் சொல்லவில்லை, விடியுமுன் ஸஹர் சாப்பாட்டு நேரத்தில் எல்லார் வீட்டிலும் போல எங்கள் வீட்டிலும் விளக்கு எரிந்தது. தோட்டத்தில் போன் பேசப் போகிறேன் என்று வேனடிக்கு இறங்குவார், வேனுக்குள் தண்ணீரும் பிஸ்கட்டும் நானே வைத்து அனுப்பியவை. மோகனராஜுக்கும் மறைத்தார், ஆனால் அவர் போய் யாரிடமும் சொல்லிவிடுவார் என்ற பயத்தில் இல்லையாம். "அவன் என்னப் பத்தி ஒசத்தியா நெனச்சி வெச்சீக்கான், அது கெட்டிடும்" என்றார். ஆகவே நடந்தது இதுதான். நோன்பு பிடிக்காத ஒருவர் வேனுக்குள் ஒளிந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். நோன்பே இல்லாத ஒருவர் அவருக்கு மரியாதையாக வெயிலில் தாகத்தோடு நின்று தன் தண்ணீரை வாளுக்கு ஊற்றிக்கொண்டிருந்தார். எழுதிவிட்டுத் திரும்ப வாசித்தேன், வேறு யாராவது எழுதியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

இது இன்னும் டிலானிக்குத் தெரியாது. சொல்லுங்கள் என்று நான் சொன்னேன். "என்னண்டு சொல்ற மஸீனா, அந்தப் புள்ளட மூஞ்சப் பாத்து என்னண்டு சொல்ற" என்று கேட்கிறார். அது மட்டுமில்லை, புதன்கிழமையில் இருந்து அவர் பகலில் தண்ணீர் குடிப்பதை விட்டுவிட்டார். நான் கோபப்பட்டேன். நீங்க இப்ப குடிக்காம இருந்தா மோகன்ட கிட்னி வேல செய்யுமா என்று கேட்டேன், கோப்பையைத் தள்ளி வைக்கிறார். நேற்று அவருக்கு இரத்தத்தில் சீனி இறங்கியதைக் கண்டு, சீனித் தண்ணீரைக் கரைத்து முன்னால் வைத்துவிட்டு, குடிக்கும்வரை நகராமல் நின்றேன். இந்த வயதில் ஒரு மனிதருக்கு அப்படி நிற்க வேண்டியிருக்கிறது. மெஷின் அந்த இடத்திலேயே, வாள் மரத்துக்குள் இருந்தபடி தறப்பாள் மூடிக் கிடக்கிறது. பலகைக்கு ஆட்கள் போன் எடுக்கிறார்கள், அவர் எடுப்பதில்லை.

அங்கே தோஹாவில் உனக்குக் கீழேயும் ஆட்கள் வெயிலில் வேலை செய்கிறார்கள். தண்ணீர் குடித்தாயா என்று அவர்களிடம் கேட்காதே, முதலாளி கேட்டால் ஆம் என்றுதான் சொல்வார்கள். முன்னால் நின்று, நீயும் ஒரு கோப்பை எடுத்து, அவர்கள் குடிப்பதைப் பார். உனக்கு ஏதும் நோய் வந்தால், அது வெட்கமானதாக இருந்தாலும், பக்கத்தில் வேலை செய்கிறவனுக்குச் சொல்லி வை. வாப்பாவுக்கு நீ போன் எடுக்கும்போது இந்தக் கடிதத்தைப் பற்றி வாய் திறக்காதே, மெஷினைப் பற்றியும் கேட்காதே. டிலானிக்கு ஒரு தடவை எடு, நம்பர் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன், உன் குரல் கேட்டால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதல். நோன்பின் மிச்ச நாட்களில் உன் துஆவில் மோகன் அண்ணனைச் சேர்த்துக்கொள். ரப்பு உன்னை உடம்பிலும் மனதிலும் பத்திரமாக வைத்திருக்கட்டும், நீ நிற்கிற இடத்தில் உன்னால் யாருக்கும் கெடுதி வராமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் உம்மா
மஸீனா

ஞாயிறு, அஸர் தொழுகைக்குப் பின்.

மகன், உறையை ஒட்டவில்லை, அதனால் இதையும் எழுதுகிறேன். இன்று பகல் பார்வையாளர் நேரத்துக்குப் போனோம். மோகனராஜை இரவே தீவிர சிகிச்சையில் இருந்து வார்டுக்கு மாற்றியிருந்தார்கள். விடியற்காலையில் டிலானியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார், சிறுநீரும் போகத் தொடங்கியிருக்கிறது, பயப்பட வேண்டாம் என்று டொக்டர் சொன்னாராம். நாங்கள் கட்டிலடிக்குப் போகும்போது தாதி அளந்து கொடுத்த தண்ணீர்க் கோப்பை அவர் கையில் இருந்தது. வாப்பாவைக் கண்டதும் அதை மெதுவாகப் பக்கத்து மேசையில் வைத்தார். "குடி மோகன்" என்று வாப்பா சொன்னார். "இருக்கட்டுங்க மொதலாளி, நோன்பு தொறக்க இன்னும் நேரம் இருக்கில்ல" என்றார், குரல் சரியாக வரவில்லை. அடுத்த கட்டிலுக்கு வந்திருந்த எங்கள் பள்ளிவாசல் நிர்வாகத்து ஹாஜியார் ஒருவர் வாப்பாவுக்கு ஸலாம் சொல்லிவிட்டு எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வாப்பா அந்தக் கோப்பையை எடுத்து, நின்றபடியே, முழுவதையும் குடித்தார். "எனக்கு நோன்பு இல்ல மோகன். இந்த வருஷம் ஒண்டும் புடிக்கல்ல. நான் வேனுக்குள்ள குடிச்சிக்கிட்டுத்தான் இருந்த" என்றார். ஹாஜியார் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். தாதி ஓடி வந்து, நோயாளியின் அளவுத் தண்ணீரைக் குடிக்க உங்களுக்கு வெட்கம் இல்லையா என்று சிங்களத்தில் ஏசினார், வாப்பா இல்லை என்று தலையாட்டினார். டிலானி என் கையில் இருந்த சாப்பாட்டுப் பையை வாங்கவில்லை. தாதி வேறொரு கோப்பையில் தண்ணீர் கொண்டு வந்தார். மோகனராஜ் வாப்பாவைப் பார்த்தார். பிறகு கோப்பையை வாங்கி, சுவர்ப் பக்கம் திரும்பி, ஒரு சொட்டு விடாமல் குடித்தார்.